‘அறுவர்’ என்று எழுதிய கல்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லில் இருந்து வந்தது. அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

1971 போரில் கடற்படையின் சிறு ரோந்துப் படகு ஒன்று ஆட்களோடு காணாமல் போனது. படகை நடத்தியவர் எங்கள் ஊர்க்காரர். ஐம்பத்துச் சொச்சம் வருடம் கழித்து, அதில் போனவர்களுக்கு ஊர்ச் சந்தியில் நினைவுக்கல் வைக்க முன்னாள் படைவீரர் சங்கம் முடிவு செய்தது. வாசகம் எழுத என்னைக் கேட்டார்கள். கொடுத்த பட்டியலில் ஆறு பெயர். ‘கடல் கொண்ட அறுவர்’ என்று தலைப்புப் போட்டேன். அதன் அழகில் நானே இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன்.

2

முதல் தொடக்கம்: மயிலாடியில் விடியும் முன்பே உளிச்சத்தம்... (வேண்டாம். கல் வெட்டக் கொடுத்திருந்த அந்த ஊருக்கு நான் போனது பதினொன்றரை மணிக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: வீரம் என்பது... (முடிக்க வெட்கமாக இருந்தது.)

மூன்றாவது, நடந்தது: கல்தச்சர் கிருஷ்ணமணியின் பட்டறையில் தலைப்பும் ஆறு பெயரும் வெட்டி முடித்த கல் நின்றது. அதன் முன்னால் ஒரு பெண் பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து எண்ணினார்.

3

அவர் பெயர் பூங்கனி. அப்பா ததேயுஸ் அந்தப் படகின் சமையல்காரர். படைவீரர் இல்லை, கூலிக்கு எடுத்த ஆள். அதனால் பட்டியலில் இல்லை. அவர் போனபோது பூங்கனி தாய் வயிற்றில்.

கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, இவரும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவையின் அடியில் ஏற்றுவார்களாம்.

“அப்பாக்கு ஒரு எடம் வேணும் சார். பேரு எழுதுன எடம். கைய வச்சுப் பாக்கணும்,” என்றார்.

ஆதாரம் கேட்டேன். ஒரு கடிதம் தந்தார். அதில் ததேயுஸ் எழுதியிருந்தார்: ‘போட்டில் ஏழு கிளாஸ்தான் இருக்கு. ஒண்ணு உடைந்தால் எனக்குத்தான் டீ இல்லை.’

(பொய். அதை எழுதியது நான். கதைக்கு எவ்வளவு வாகாக இருக்கிறது, பாருங்கள். உண்மையில் பூங்கனி தந்தது அப்பா எழுதிய ஒரு தபால் கார்டு: ‘நாளை போட்டில் ஏறுகிறேன். கருவாடு கிடைத்தது.’ அவ்வளவுதான். ஏறப்போகிறேன் என்றவர் திரும்பவில்லை. எனக்கு இது போதும். சங்கத்துக்குப் போதுமா என்று தெரியவில்லை.)

4

ஏழாவது பெயரைச் சேர்க்க முடியுமா என்று கிருஷ்ணமணியிடம் கேட்டேன்.

“பேரு சேக்கலாம், கீழ எடம் கெடக்கு. மேல ‘அறுவர்’னு கெடக்கே, அத என்ன செய்ய? ஒரு சொல்ல மட்டும் எடுத்தா குழி விழும். கல்லு முகம் மொத்தத்தையும் அரை இஞ்சு செதுக்கி எறக்கிட்டு முதல்ல இருந்து வெட்டணும். பத்து நாளாவும் சார். திறப்புக்கு நாலு நாளுதான் கெடக்கு.”

நான் எழுதிக் கைவிட்ட வரிகளை மேலே அப்படியே போட்டிருக்கிறேன். எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அந்த வசதி கிடையாது.

5

கதைக்கு எழுதக்கூடிய முடிவுகள். கல்லின் முகத்தை இறக்கி மறுபடி வெட்டுகிறார்கள், திறப்பு தள்ளிப்போகிறது, அச்சடித்த அழைப்பிதழ் எல்லாம் பாழ். அல்லது தலைப்பு அப்படியே இருக்க, ததேயுஸ் கீழே சின்ன எழுத்தில் ஒதுங்கி நிற்கிறார். அல்லது ஒன்றும் நடக்கவில்லை, பூங்கனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்.

இவற்றை அவரிடமே சொன்னேன். எது என்பதை வாசகர்களிடம் விடப்போகிறேன் என்றும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

“வாசகரா சார் அறுவர்னு எழுதினாவ?” என்றார். “நீங்கதானே எழுதுனிய.”

குரலை உயர்த்தவில்லை. எனக்குக் காது சுட்டது.

6

சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். பட்டியலுக்கு வெளியே ஒரு அடி வைக்காத மனிதர். திறப்பைத் தள்ளிவைக்க அவர் ஒருவரால்தான் முடியும். மணி போயிற்று. பூங்கனி பக்கத்தில் நின்றார். செயலாளர் எடுத்துவிட்டார்.

“சார், ஆறுன்னு எழுதினது நான். தப்பாயிட்டு. அவங்க ஏழு பேரு. கல்ல எறக்கி மறுபடி வெட்டணும்.”

அவர் இன்னும் பேசவில்லை. இதற்கு மேல் அவருக்காக நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். அவருடைய போன் இப்போது, வாசகரே, உங்கள் காதில் இருக்கிறது. பூங்கனி காத்திருக்கிறார். சொல்லுங்கள்.