தம்பியை வெட்டிய பலகை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோருக்கும் ‘ஸ்கேன் அக்கா’ என்றால்தான் தெரியும். சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்களின் வயிற்றில் பசையைத் தடவி, கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று திரையில் கண்டுபிடிப்பவள். ஹைக்கூவும் எழுதுவாள். ஒன்று, சின்னப் பத்திரிகையில் வந்தது.

தம்பி எறிந்த கல்
தண்ணீரில் தேய்கிறது
எனக்கு நரைத்துவிட்டது

ஆற்றோடு போன தம்பி அவன். அப்போது அவனுக்குப் பத்து வயது. வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்திரிகை வந்த அன்று மட்டும் அம்மா அந்த மூன்று வரியை மனப்பாடம் செய்துகொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் புதுப் பலகை தொங்கியது.

கல்
தண்ணீரில் தேய்கிறது
நிறையத் தண்ணீர் குடியுங்கள்!

கீழே, ‘கவிதை: நம் ஸ்கேன் அக்கா’.

“அக்கா, பெரிய ஆளாயிட்டீங்க, ட்ரீட் எப்போ?” என்று நர்ஸ் சிரித்தாள். இவள் ஸ்கேன் அறைக்குப் போய் வேலையைப் பார்த்தாள்.

மதியம் பிரஷர் பார்க்க வந்த அம்மா பலகை முன்னால் நின்றுவிட்டாள். மகளைப் பார்த்ததும் கேட்டாள்:

“இதுல அவன் எங்கடி?”

அதற்குமேல் மகளால் பொறுக்க முடியவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“யாரைக் கேட்டு சார் மாத்துனீங்க?”

“உங்க பேரைப் போட்டிருக்கோமேம்மா. பெருமைதானே? தம்பி, நரைன்னு இருந்தா பேஷண்ட்டுக்குக் குழப்பம். எடிட் பண்ணோம், அவ்வளவுதான்.”

“நீங்க எடிட் பண்ணது என் தம்பியை சார். எங்க வீட்ல அவன் போட்டோகூட இல்ல. அந்த ஒரு வார்த்தையிலதான் இருந்தான்.”

மேனேஜர் பேனாவை மூடினார். “மூணு வரிக்குப் போய் இவ்வளவு ரகளையா? பலகை ஆஸ்பத்திரி சொத்தும்மா. தொடக் கூடாது.”

“பலகை உங்களோடது. நீங்களே வச்சுக்கோங்க.”

வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒட்டியிருந்த எழுத்துகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தாள். வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னாலேயே வந்த மேனேஜர், “இறங்குங்க, இறங்குங்கம்மா” என்றார். அவள் திரும்பவில்லை. நாற்காலி ஆடியபோது அம்மா வந்து பிடித்துக்கொண்டாள். மேனேஜர் கிட்டே வந்ததும் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் அங்கேயே நின்றுவிட்டார்.

மறுநாளே அவளை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பழைய இடம் கிடைக்கும் என்று நர்ஸிடம் சொல்லி அனுப்பினார் மேனேஜர்.

“மன்னிப்பா? அவர் வந்து எங்கம்மாகிட்ட கேக்கட்டும்,” என்றாள் அவள். “அப்புறம் நான் யோசிக்கிறேன்.”