வடக்கு பார்த்த முடி

நடத்துநரம்மாவின் மகளுக்கு முடி வடக்கு பார்த்து வளர்ந்தது. குழந்தையை எந்தப் பக்கம் திருப்பினாலும் முடி மட்டும் திரும்பாது. வடக்கே தலைவைத்துப் படுக்கவைத்தால் தலையணைமேல் பரந்து கிடக்கும். தெற்கே வைத்தால் கண்ணை மறைத்து மூக்கில் குறுகுறுக்கும், குழந்தை தும்மும். பார்க்க வந்தவர்கள் இரட்டைச் சுழி என்றார்கள், எண்ணெய் போதவில்லை என்றார்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வயது முடிந்ததும் முதல்முறையாக முடி வெட்ட, சலூன்காரரான அப்பாவே மகளைத் தன் கடையின் சுழல்நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். குழந்தை சிரித்துக்கொண்டே சுற்றி வந்தது. முடி மட்டும் எதிரில் இருந்த மருந்துக்கடையைக் காட்டியபடி அசையாமல் நின்றது. மருந்துக்கடை வடக்கே இருந்தது. இருபது வருடத்தில் படியாத தலை எதையும் பார்த்திராத சலூன்காரர், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்குக் கடையைச் சாத்தினார்.

ஊரில் அப்படிப்பட்ட தலை இன்னொன்றும் இருந்தது. அதில்தான் வினையே வந்தது. நடத்துநரம்மா டிக்கெட் கொடுக்கும் பேருந்தை ஓட்டியவரை எல்லோரும் திசைகாட்டி என்ற அர்த்தத்தில் காம்பஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வடக்கே போகும்போது அவருடைய முடி நெற்றியில் வந்து விழும், திரும்பி வரும்போது பின்னால் படிந்துகொள்ளும், சந்தை முனையில் கிழக்கே திரும்பினால் இடது காதை மூடும். பனிமூட்டத்தில் மற்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்க, இவர் வண்டி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரும். கல்யாணமாகாதவர். பேச்சும் அதிகம் கிடையாது. அவளும் அவரும் ஆறு வருடமாக ஒரே வண்டி. இவ்வளவு போதாதா ஊருக்கு? வேலை வெட்டி இல்லாதவர்கள்கூட அடுத்த நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்து ஏறி, முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார்கள். வண்டியின் வசூல் மட்டும் நன்றாக இருந்தது.

அவளே கணவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். இந்த முடி வெளியே தெரிய வேண்டுமானால் அம்மா ஒரு பங்கும் அப்பா ஒரு பங்கும் கொடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு பங்கு மட்டும் உள்ளவர்களின் முடி எல்லோரையும் போலவே இருக்கும். அது உள்ளேயே ஒளிந்திருந்து பிள்ளைக்குப் போகும் என்றும் சொன்னார். அவளுடைய பங்குக்குக் கணக்கு இருந்தது. செத்துப்போன அவளுடைய அப்பாவின் அக்காவுக்கு எத்தனை கொண்டை ஊசி குத்தினாலும் பின்னல் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டுதான் நிற்கும். "எங்க பரம்பரையில இப்படி ஒரு முடி கிடையாது" என்றார் சலூன்காரர். உண்மையில் அவர்கள் பரம்பரையில் முடி என்பதையே யாரும் பார்த்ததில்லை. முடி வெட்டுகிறவன் தலையில் முடி இருக்கக் கூடாது என்பது அவருடைய அப்பா வகுத்த சட்டம். அப்பாவும் மகனும் தினம் காலையில் பல் தேய்ப்பதுபோலத் தலையையும் மழித்துக்கொள்வார்கள். சந்தேகம் தீரட்டும் என்று சலூன்காரர் மழிப்பதை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் முடி வளர்ந்தது. சீப்பு சொன்ன பக்கமெல்லாம் சமர்த்தாகப் படிந்தது. டாக்டர் சொன்னதில், உள்ளேயே ஒளிந்திருக்கும் என்ற பாதி அவர் காதில் ஏறவே இல்லை. "கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல இரு. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையில் துணிகளை அடுக்கிவிட்டு, கொடியில் காயும் குழந்தையின் சட்டைகளை எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். மாமனார் அப்போதுதான் தலையை மழித்து முடித்து, கத்தி பட்ட வெட்டுக்காயத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தார். தண்ணீர்ப் பேசின் துவைக்கும் கல்லின்மேலேயே இருந்தது. கொட்டிவிடலாம் என்று எடுத்தவள் அப்படியே நின்றாள். அரிசி அளவுகூட இல்லாத நரைமுடிகள் சோப்பு நுரைக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோல வரிசையாக நின்றன. அவள் பேசினோடு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தண்ணீர் கலங்கியது, முடிகள் கொஞ்சம் தடுமாறின, பிறகு பழையபடி மருந்துக்கடை இருக்கும் வடக்கே பார்த்து நின்றன.

ஒரு சொட்டும் சிந்தாமல் பேசினை வீட்டின் முன்னால் இருந்த கடைக்குத் தூக்கிப்போய் சுழல்நாற்காலியில் வைத்தாள். முகத்தில் பாதி நுரையோடு இருந்த வாடிக்கையாளர் எழுந்து வந்து பார்த்தார். "சுத்துங்க" என்றாள் கணவரிடம். அவர் சுற்றினார். நாற்காலி நின்றது, முடிகள் தங்கள் திசைக்குத் திரும்பி அசையாமல் நின்றன. "இது யார் தலை முடின்னு உங்க அப்பாவைக் கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. பேசினைத் தேடிக்கொண்டு மாமனாரே வந்து வாசலில் நின்றார். தொழிலுக்கு வந்த புதிதில், தன் தலையையே அடக்கத் தெரியாதவன் என் தலையை எப்படி அடக்குவான் என்று கேட்டு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து போனாராம். அன்று மழித்த தலை. வெளியே தெரிந்தால் மகனின் கடையும் போய்விடும் என்று பயந்தாராம். "இது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல, தாயி" என்றார். "தினம் பார்த்துக்கிட்டுத்தானே மாமா இருந்தீங்க" என்றாள் அவள். அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் நுரை காய்ந்த முகத்தோடு உட்கார இடமில்லாமல் நின்றார்.

சலூன்காரர் அவள் பின்னாலேயே வீட்டுக்குள் வந்தார். தப்பு தன்மேல்தான், போக வேண்டாம் என்றார். இந்த முறை சுவரைப் பார்க்காமல்தான் சொன்னார். "நான் எங்க போனேன்? பைதான் கிளம்பி நிக்குது. நீங்க சொல்லித்தானே கட்டினேன், நீங்களே பிரிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, மடித்து, அலமாரியில் அடுக்கினார். புடவை மடிக்க வரவில்லை. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. பொழுது சாயும்வரை மடித்தார்.

மறுநாள் காலை முதல் வண்டியில் அவள் வேலைக்குப் போனாள். காம்பஸ் வழக்கம்போல வண்டியை எடுத்தார். மார்க்கெட்டில் ஏறிய ஓர் அம்மாள் முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, குழந்தைக்கு முடி இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்டார்.

"அப்படியேதான்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள் நடத்துநரம்மா. "அவ தாத்தா மாதிரி. உள்ள தள்ளி நில்லுங்கம்மா, படியில கூட்டம்."