கெட்டித் தகடு

காளவாசல் பக்கத்து அலுமினியக் கடையில் தமிழ்மாறன் ஒரு தகட்டின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்கினான். எட்டுக்கு நாலடித் தகடு நடுவில் தொய்ந்து ஆடியது. அதன் கனமின்மை அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷத்தைக் கொடுத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முத்துமீனா விரல் முட்டியால் அந்தத் தகட்டைத் தட்டினாள். சத்தம் கடை முழுக்க அதிர்ந்து கேட்டது. சுவரில் சாய்த்திருந்த இன்னொரு கெட்டித் தகட்டைத் தட்டினாள். சத்தம் அங்கேயே அடங்கிவிட்டது.

"இதை எடுப்போங்க" என்றாள்.

ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிற தமிழ்மாறன், தன் சின்னக் காருக்குப் பின்னால் இழுத்துப்போக ஒரு கேரவன் செய்துகொண்டிருந்தான். இரண்டு சக்கரமும் இரும்புச் சட்டமுமாக அது வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. தெருக்காரர்கள் முதலில் டிபன் கடை போடப்போகிறான் என்று நினைத்தார்கள். கேரவன் என்று தெரிந்ததும், எந்த நடிகைக்கு என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, குட்டி ப்ரிட்ஜ் எல்லாம் வரும் என்று வர்ணிப்பான். மூலையில் கட்டப்போகிற கழிப்பறைக்காகத்தான் இத்தனையும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் பவதாரிணி பிறந்தபோது பட்ட சிரமத்திலிருந்தே முத்துமீனாவால் சிறுநீரை அடக்க முடியாது. வயது ஏற ஏற அது அதிகமானது. மருந்து மாத்திரையில் பாதிதான் கேட்டது. கடலோரத் தொண்டியில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு அங்கேயே கல்யாணமாகி, வரவேற்புக்குப் போய்விட்டு வந்ததோடு சரி. அதற்குப் பிறகு முத்துமீனா வெளியூர் என்று எங்கும் போகவில்லை. மகள் இப்போது மாசமாக இருந்தாள். அம்மா ஒரு தடவை வந்து போ என்று போனில் கேட்கும்போதெல்லாம் முத்துமீனா ஏதாவது காரணம் சொல்வாள். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் தமிழ்மாறன் யூடியூபில் கேரவன் செய்வது எப்படி என்று தேட ஆரம்பித்தான்.

கெட்டித் தகடு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கார் இழுக்காது என்று அவளுக்கு விளக்கினான். கடைக்காரர் நல்லகாமனும் அவன் பக்கம் பேசினார். உப்புக் காற்றைத் தாங்குகிற ரகம் இரண்டிலுமே இருக்கிறது, வெளிப்பக்கத்துக்கு மெல்லிசே போதும் என்றார். முத்துமீனா திரும்பத் திரும்ப அந்தக் கெட்டித் தகட்டின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தமிழ்மாறன் குரலை உயர்த்திவிட்டான். ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நானா நீயா என்று கேட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவன் கோபம் ஆறாமலே பின்னால் போனான். அவள் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஓரத்தில், பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பவா வரவேற்புக்குப் போகையில பெட்ரோல் பங்குல வேனை நிப்பாட்டுனீகள்ல" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "அங்க பாத்ரூம்னு நாலு தகரத்தை அடிச்சு வச்சிருந்தாக. வெளிய உங்க அண்ணன் தம்பியெல்லாம் நின்னு பேசிக்கிட்டு இருந்தாக. நான் உக்காந்ததும் அம்புட்டுப் பேரும் பேச்சை நிப்பாட்டிட்டாக."

தமிழ்மாறனுக்கு அந்த இடம் ஞாபகம் வந்தது. அவனும் அந்தக் கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவன்தான். பேச்சு நின்றதோ, யாராவது சிரித்தார்களோ, எதுவும் நினைவில் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது. வழியில் அவசரமென்றால் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், பயப்படாதே என்று எத்தனையோ தடவை அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளுக்கு இருந்தது பயமே இல்லை.

"இதை ஏன்டி இத்தனை நாளாச் சொல்லலைன்னு கேட்டுறாதீக" என்றாள்.

அவன் கேட்கவில்லை. உள்ளே போய் நாலு பக்கத்துக்கும் கெட்டித் தகடு, கூரைக்கு மட்டும் மெல்லிசு என்று நல்லகாமனிடம் சொன்னான். வண்டி இழுக்கணுமேண்ணே என்று அவர் இழுத்தபோது, இழுக்கும் என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்து, கனத்தைக் குறைக்க ப்ரிட்ஜை வேண்டாமென்று விட்டுவிட்டான். அலமாரிகளை விட்டான். பலகைப் படுக்கைக்குப் பதிலாக நாடாக் கட்டில் போதும் என்று முடிவு செய்தான்.

லீவு நாட்களில் இரண்டு பேரும் தகடுகளைச் சட்டத்தோடு சேர்த்து ரிவெட் அடித்தார்கள். அவன் துளை போடும்போது தகடு நகராமல் அவள் உள்ளேயிருந்து முதுகு கொடுத்து நின்றாள். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் தெர்மாகோல் அடைத்தார்கள். கழிப்பறைச் சுவருக்கு மட்டும் அவள் பழைய போர்வைகளை மடித்து இன்னொரு அடுக்கு வைத்தாள். எல்லாம் முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீரையும் மக்கையும் அவனிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள். வெளியே தகட்டில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "கேட்டுச்சா?" என்றான்.

"நீங்க இன்னும் ஊத்தவே இல்லையே."

"வாளியே காலியாயிருச்சு மீனா."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை நிறுத்த அவளுக்கு வெகுநேரம் ஆனது.

கேரவனுக்கு ஆர்டிஓ பதிவு வேலைகள் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மகளிடம் சொல்லவில்லை. சுற்றுச்சாலையில் ஏறும்வரை கார் முக்கி முனகியது. கண்ணாடியில் கேரவன் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வரிச்சூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலும் கருவேலமுமாகச் சாலை காலியானது. வெளியூர் கிளம்பும் நாளில் முந்தின ராத்திரியிலிருந்தே நாக்கை நனைக்காதவள் முத்துமீனா. காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சாலையையே பார்த்தான். அவள் மூடியைத் திருகிவிட்டு அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். வண்டி குலுங்கியதில் தண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்தில் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. அவள் துடைக்கவில்லை. பாட்டில் பாதியாகும்வரை குடித்துக்கொண்டே இருந்தாள்.