முப்பது நொடி விருந்தாளிகள்

எங்கள் மாநிலத்தில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களின் வீட்டுக்குத் தேர்தல் விளம்பரங்கள் நேரில் வந்து தங்கும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இப்படிக் கிடையாது. எந்தப் பக்கம் விழும் என்று முன்பே தெரிந்த மாநிலங்களில் விளம்பரங்கள் டி.வி.க்குள்ளேயே இருந்துவிடும். எங்களுடையது எந்தப் பக்கமும் சாயாத மாநிலம். அதனால் வரும்.

என் மனைவி செல்வக்கனிக்கு அந்த ஜூலையில்தான் குடியுரிமை கிடைத்தது. அவளுடைய முதல் அதிபர் தேர்தல் அது. நான் செனட்டர் டிரெவோவுக்கு என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தவர்கள் பிரசாரக்காரர்களின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். கதவைத் தட்டுவார்கள், நான் திறப்பேன், என் தோளைத் தாண்டிப் பார்த்து, "வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு டோரீனுக்கும் இதே நிலைமைதான். அவள் பிறக்கும்போதே முடிவு செய்தவள்.

முதல் விளம்பரம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. கட்டம் போட்ட சட்டை, தொப்பி, சேறே படாத பூட்ஸ். டிரெவோவை எதிர்த்து நின்ற ஆளுநர் ஹோல்கம் தரப்பு அனுப்பியது. செல்வக்கனி வாக்காளர் படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதியிருந்ததால் டப்பிங் செய்து அனுப்பியிருந்தார்கள். வாய் முதலில் அசைய, குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"வணக்கம். என் பெயர் ஹாங்க். மூன்று தலைமுறைகளாக நாங்கள் இந்த மண்ணில் சோளம் விதைக்கிறோம். விலைவாசி என் குடும்பத்தை வாட்டுகிறது. ஆளுநர் ஹோல்கம் எங்களைப் புரிந்துகொண்டவர்." பிறகு அதே வாயிலிருந்து வேறொரு குரல், சட்டப்படி சொல்லியாக வேண்டியதை வேகமாக, "நான் ஹோல்கம், இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு" என்றது. மொத்தம் முப்பது நொடி. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி வணக்கம்.

"ஏங்க, இவரு சாப்பிடுவாரா?" என்று செல்வக்கனி கேட்டாள்.

"விளம்பரம் சாப்பிடாது."

"எதுக்கும் ஒரு தோசை வைக்கேன்."

மூச்சு இழுக்கும் இடைவெளியில் ஹாங்க் சாப்பிட்டார். ஒரு தோசைக்குப் பதினோரு வணக்கம் ஆனது.

மறுநாள் டிரெவோ தரப்பு ஒரு பெண்ணை அனுப்பியது. சாம்பல் நிறக் கோட்டு. அவள் உட்காரும் இடத்தைச் சுற்றி இரண்டடிக்கு நிறம் போய்விடும். எங்கள் பச்சை சோபா சாம்பலானது. தக்காளிச் சட்னியும் சாம்பலானது. எங்கிருந்தோ மெதுவாக ஒரு முரசு கேட்க, "ஹோல்கம் உங்களிடம் எதை மறைக்கிறார்?" என்பாள். பதில் சொல்லமாட்டாள். அவளைக் கடக்கும்போதெல்லாம் நான் கூட எதையோ மறைத்து வைத்தது போல நடந்தேன்.

அக்டோபர் பிறந்தபோது முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். ஒரு செய்திச் சேனல் எங்கள் புல்வெளியில் கூடாரம் போட்டது. கேலப் என்ற செய்தியாளர் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று நேரலையில் பேசுவார். "செல்வக்கனி இடது கையால் டம்ளரை எடுக்கிறார்! ஹோல்கமுக்கு இரண்டு புள்ளி!" கூடாரத்தின் உச்சியில், அவள் யார் பக்கம் சாய்கிறாள் என்று காட்டும் ஆளுயர முள் ஒன்று இடமும் வலமும் ஆடியது. டோரீன் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முள் ஆடும்போதெல்லாம் எழுந்து நின்று கத்தினாள். தெருவே திருவிழாவாக இருந்தது. செல்வக்கனி குப்பை கொட்டப் போகும்போதும் கல் வைத்த தோடு போட்டுக்கொண்டு போனாள்.

"இருபத்திரண்டு வருசத்துல என்கிட்ட யாரும் இத்தனை தடவ அபிப்பிராயம் கேட்டதில்லைங்க," என்றாள். முகம் ஜொலித்தது. அவள் அமெரிக்காவைச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தை மூடி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பஸ் பதினைந்து மைல் சுற்றிப் போகிறது. ஹாங்க் மூச்சு இழுத்த நேரம் பார்த்து, "பாலத்த எப்ப திறப்பாங்க?" என்று கேட்டாள். ஹாங்க் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு வணக்கம் என்றார். சாம்பல் கோட்டுப் பெண்ணிடம் கேட்டாள். முரசு பெரிதானது.

மறுநாளே இரண்டு தரப்பும் பாலத்தைப் பற்றி ஆளுக்கொரு புது விளம்பரம் அனுப்பின. இரண்டிலும் ஒரே பாலம். எங்கள் பாலம் இல்லை. மிக அழகான வேறு பாலம்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. முள் ஹோல்கம் பக்கம் போய்க்கொண்டே இருந்ததால் எனக்குப் பதற்றமாகிவிட்டது. காபி போடும்போது டிரெவோவைப் பற்றி அவளிடம் பேசினேன். துணி மடிக்கும்போது பேசினேன். ஜெபம் முடித்து ஆமென் சொன்னதும் பேசினேன். வியாழக்கிழமை காலை நான் வாயைத் திறந்தபோது குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"வணக்கம். நான் உன் கணவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் குடும்பத்துக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும். உறுதியான தலைமை. தெளிவான பாதை. டிரெவோ." பிறகு தாழ்ந்த குரலில் வேகமாக, "நான் ஞானதிரவியம், இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு."

மூச்சு இழுத்தேன். மறுபடி வணக்கம் என்றேன்.

செல்வக்கனி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஹாங்க் நகர்ந்து இடம் கொடுத்தார். மூன்று நாள் அப்படியே இருந்தேன். வெளியே கேலப் என்னை நாற்பத்தோராவது விளம்பரம் என்று அறிவித்தார். பிரசாரக்காரர்களின் கண்ணுக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கை கொடுத்துப் பாராட்டினார்கள்.

நான்காம் நாள் அவள் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் மூச்சு இழுக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் யாருக்குப் போடணும்னு சொல்லிட்டே இருக்கீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வணக்கம் சொல்ல வாய் திறந்தது. நான் அதை மூடினேன். மிகவும் சிரமப்பட்டு, "என்ன வேணும் கனி?" என்றேன். குரலும் வாயசைவும் ஒன்றாக வந்தன.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் சுற்றிப் போவதால் அங்கே சூப் ஆறிப்போகிறது, வயதானவர்கள் திட்டாமல் குடித்துவிடுகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டதைச் சொன்னாள். இந்த வீட்டை வாங்கும்போது அவளை யாரும் கேட்கவில்லை என்றாள். யாரும் என்றது என்னைத்தான். நாம் செத்தால் எங்கே புதைப்பார்கள், இங்கேயா, நம் ஊர் நாசரேத்திலா என்று கேட்டாள். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினாள். விளம்பரங்கள் எல்லாம் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் சோபாவில் பச்சை திரும்பியது. வெளியே முள் நட்டநடுவில் நின்று துடிப்பதாகக் கேலப் தொண்டை கட்ட அலறினார்.

தேர்தல் அன்று காலை எல்லோரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வாக்குச்சாவடிக்கு நூறு அடி தூரத்தில் சுண்ணாம்புக் கோடு. சட்டப்படி விளம்பரங்கள் அதைத் தாண்டக் கூடாது. வரிசையாக நின்றுவிட்டன. அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் விளம்பரமா?"

"இப்போது இல்லை."

உள்ளே விட்டார். செல்வக்கனி திரைக்குப் பின்னால் போனாள். இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது ஓடி வந்தவள் போல அவளுக்கு மூச்சு வாங்கியது. சட்டையில் ஓட்டுப் போட்டதற்கான வட்ட ஸ்டிக்கர். கேலப் மைக்கை நீட்ட, "போட்டாச்சு," என்றாள். அவ்வளவுதான். ஹாங்க் தொப்பியைக் கழற்றினார். தெரு முழுவதும் கை தட்டியது.

இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் விளம்பரங்கள் தாங்களே போய்விட்டன. ஹாங்குக்கு ஒரு டயர் விளம்பரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. டி.வி.யில் பார்த்துக் கை ஆட்டினோம். எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வென்றவர் பெயரை வியாழக்கிழமை அறிவித்தார்கள். செல்வக்கனி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே செய்தியைக் கேட்டாள். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. யாருக்குப் போட்டாய் என்று நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வாக்குச்சாவடி எங்கள் சமையலறைக்கு வந்திருந்தது. திரை, மேசை, கயிற்றில் கட்டிய பேனா, எல்லாம். வழியெல்லாம் அவள் பின்னாலேயே நடந்து வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் காலை அவள் திரைக்குப் பின்னால் போகிறாள். அந்த நேரத்தில் நான் சட்டப்படி நூறு அடி தள்ளி, தெருமுனைத் தபால் பெட்டி அருகே நிற்கிறேன். டோரீன் எனக்கும் ஒரு நாற்காலி கொண்டு வருகிறாள். முதல் நாள் தையல் வகுப்பு பெருவாரியாக வென்றது. இன்றைய வாக்குச்சீட்டில் என் பெயர் இருக்கிறதாம். எதிர்த்து நிற்பது யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை.