சென்டரில் நிற்கிற உடம்பு

விசில் சத்தம் அடங்குவதற்குள் ஹம்சா தண்ணீருக்குள் போய்விட்டாள். அமுக்கியது அனுப்ரியா. தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண், பள்ளிக்கூட நாளிலிருந்து ஹம்சாவோடு ஒரே குளத்தில் வாட்டர் போலோ ஆடுகிறவள். நேற்றுவரை ஹம்சாவை ஒரு சாண்கூட நகர்த்தியதில்லை. இன்றைக்கு முதுகில் முழங்கையை வைத்தாள், அவ்வளவுதான். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டு ஹம்சா மேலே வந்தபோது அனுப்ரியாதான் பயந்துபோயிருந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? நான் தள்ளவே இல்லையேடி."

என்ன ஆச்சா? அதை அதோ, குடை நிழலில் உட்கார்ந்திருக்கிற மாநில ஜூனியர் அணித் தேர்வுக்குழுவைக் கேட்க வேண்டும். ஹம்சா ஆடுவது சென்டர். எதிரணி கோலுக்கு முன்னால் போய் நின்று பந்தை வாங்க வேண்டும். நின்று என்றால், காலுக்கு அடியில் தரை கிடையாது. இரண்டு காலையும் தயிர் கடைகிற மாதிரி சுழற்றிக்கொண்டே நிற்க வேண்டும். பின்னால் ஒருத்தி முதுகில் ஏறுவாள், விலாவில் உதைப்பாள், நீச்சலுடையைப் பிடித்து இழுப்பாள். அதற்குத் தொடை வேண்டும், தோள் வேண்டும், மிதக்கக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். அந்த உடம்பு ஹம்சாவுக்குச் சும்மா வரவில்லை. விடியுமுன் பறக்கும் ரயில் பிடித்துப் போய், தண்ணீர் நிரம்பிய கேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கால் பலத்திலேயே மிதந்து மிதந்து வந்த உடம்பு. மயிலாப்பூருக்குத் திரும்பினால் ஒரு குக்கர் சாதமும் பற்றாது. அம்மா ஜானு தலையில் அடித்துக்கொள்வாள். "கதவாட்டம் தோளை வெச்சுண்டு நாளைக்கு யார் ஆத்துல போய் நிக்கப்போறே?"

அப்படிக் கட்டிய உடம்பை எடைமிஷினில் ஏற்றித் தீர்த்தவர் சுரேஷ்குமார். நீச்சல் சங்கத்தில் பெரிய ஆள், தேர்வுக்குழுவிலும் அவர்தான். ஒரு காலத்தில் குறுந்தூர நீச்சல்காரர், அதனால் தண்ணீரில் இறங்குகிற எல்லோருக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே அளவுதான். மீன் மாதிரி ஓடுகிறவளுக்கும் பாறை மாதிரி நிற்கிறவளுக்கும் ஒரே உயரம், ஒரே எடை! மூன்று மாதம் முன்பு எல்லார் முன்னாலும் 'த்சொ' கொட்டினார். "ஸ்போர்ட்ஸ் பொண்ணு மாதிரியே இல்லையேம்மா. வெயிட்டை இறக்கு. இல்லேன்னா டீம்ல பேர் வராது."

கோச் அக்பர் பாஷாவுக்கு எல்லாம் தெரியும். கேனைக் கையில் கொடுத்து அந்த உடம்பை உருவாக்கியவரே அவர்தான். மனுஷன் எடையை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "செலக்சன் வரைக்கும் இறக்கிக்கமா. பெரிய எடத்து ஆளாண்ட நான் இன்னா பேசறது?" என்றார்.

இறக்கினாள். சோறு போச்சு, இட்லி போச்சு, வெள்ளரிக்காயும் கஞ்சித் தண்ணியும்தான். ஸ்டேஷன் படி ஏறினால் கண் இருட்டியது. மாசாமாசம் வர வேண்டியது நின்றுபோனது. அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஜானுவுக்கோ வாயெல்லாம் பல். "இப்பத்தான்டி லட்சணமா இருக்கே," என்று மாடி வீட்டுக்காரர்களிடம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்குத் தேர்வு ஆட்டம் முடிகிறவரை அவள் முங்கிக்கொண்டேதான் இருந்தாள். வந்த பந்து ஒன்றும் கையில் நிற்கவில்லை. கரையேறியதும் சுரேஷ்குமார் கூப்பிட்டார்.

"வெயிட்டெல்லாம் சூப்பரா இறக்கியிருக்கே. ஆனா பவர் இல்லையேம்மா. சென்டர்னா கொஞ்சம் பாடி வேணும்."

ஹம்சாவுக்கு முதலில் காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டதோ என்று இருந்தது.

"நீங்கதானே சார் இறக்கச் சொன்னீங்க?"

"ஃபிட்டா இருன்னு சொன்னேன். பலத்தையும் சேர்த்துக் குறைன்னா சொன்னேன்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்கள்! ஹம்சா கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்களாவது சொல்லுங்க."

அக்பர் பாஷா விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அட்த்த வருசம் பாத்துக்கலாம்மா."

அடுத்த வருஷம் அவளுக்கு ஜூனியர் வயசு தாண்டிவிடும். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வயிற்றிலிருந்து என்னவோ திகுதிகுவென்று ஏறியது. கோபம்தான். பசியும்தான்.

அப்போது கேன்டீன்காரர் குழுவுக்கென்று ஒரு தட்டு மெதுவடை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆவி பறந்தது. யாரும் கை வைக்குமுன் ஹம்சா ஒன்றை எடுத்தாள். நின்றபடியே தின்றாள். சூடு நாக்கைப் பொசுக்கியது, விடவில்லை. இன்னொன்று எடுத்தாள். முழங்கையிலிருந்து வழிந்த குளத்துத் தண்ணீர் மேஜையில் இருந்த காகிதங்களில் சொட்டியது.

"என்னம்மா இது, மரியாதையில்லாம?" என்றார் சுரேஷ்குமார்.

ஹம்சா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவசரப்படாமல் விழுங்கினாள். சட்னிக் கிண்ணம் அவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அதைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க சார்."

அவர் தள்ளினார். ஹம்சா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்தோடு அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அடுத்த வடையைப் பிட்டாள்.