துரையை மீட்கப் போனவள்

சிவகலாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பச்சோந்தி வளர்க்கும் ஆசை வந்தது. "வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதை" என்று கோயிலில் கண்டவர்கள் சொன்னார்கள். "என்ரை மடி, என்ரை ஓணான்" என்று சொல்லிவிட்டு அவள் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகன் ஜெரோசன் மனைவி ஜெனனியோடு பாடனில் இருந்தான். சிவகலா மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் தனியே இருந்தாள்.

கூட வேலை செய்யும் வ்ரேனி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தமையன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போனாள். அந்த மனிதர் பச்சோந்திகளை முட்டையிலிருந்து வளர்த்துக் கொடுப்பவர். வலைக்கூட்டுக்குள் ஒரு கிளையில், நடுவிரல் நீளத்தில், இளம்பச்சையாய் ஒன்று நின்றது. அதன் ஒரு கண் சிவகலாவைப் பார்த்தது. மற்றக் கண் அவளைச் சட்டை செய்யாமல் மேலே ஊர்ந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது முதன்முதலாக வளர்ப்பவர்களுக்குச் சரிவராது," என்றார் வ்ரேனியின் தமையன். "உங்களுக்கு ஒரு பூனை நல்லது."

வாழ்நாள் முழுக்க அவளுக்கு எது நல்லது என்று மற்றவர்கள்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். "முதலாவதை வளர்க்காமல் இரண்டாவதை எப்படி வளர்ப்பது?" என்று தன் நிதானமான ஜெர்மனில் கேட்டாள்.

அவர் பச்சோந்தி வளர்ப்பு வகுப்பு எங்கே நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பச்சோந்தி வைத்திருக்கக் கன்ரோனின், அதாவது மாகாண அரசின், அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிக்க வேண்டும். காதில் வளையம் போட்ட பெடியங்கள் நடுவில் சிவகலா பருத்திச் சேலையோடு உட்கார்ந்து, விளங்காத சொற்களைக் கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தாள். பனி கரைந்து முடிய அனுமதியும் வந்தது, பச்சோந்தியும் வந்தது. அதற்குள் அது முன்பு கண்டதைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். காலையில் விளக்குப் போட்டால்தான் எழும்புவார். உயிரோடு துள்ளுகிற பூச்சியைத்தான் சாப்பிடுவார். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் திரும்பியும் பாரார்; இலையில் துளியாய்ச் சொட்டினால் மட்டும் நக்கிக் குடிப்பார். வேறு என்ன பெயர் வைப்பது?

வகுப்பில் படித்தது வேறு, வீட்டில் வளர்ப்பது வேறு என்று அவளுக்கு முதல் கிழமையே தெரிந்துபோயிற்று. ஆசையில் ஒவ்வொரு நாளும் அதைக் கையில் எடுத்தாள். துரை கறுத்து, வாயைத் திறந்து சீறியது. பிறகு சாப்பிடாமல் கிடந்தது. கண்கள் உள்ளே போயின. பயந்து வ்ரேனியின் தமையனுக்குத் தொலைபேசி அடித்தாள்.

"அதைத் தொடாதீர்கள்," என்றார் அவர். "அது உங்களை நேசிக்க வரவில்லை. தண்ணீரைத் தூவுங்கள், சாப்பாட்டைக் கொடுங்கள், விட்டுவிடுங்கள்."

அவள் விட்டுவிட்டாள். காலையும் மாலையும் இலைகளுக்குத் தண்ணீர் தூவினாள். கல்சியம் மாவில் பிரட்டிய சில்வண்டுகளைக் கூட்டுக்குள் விட்டாள். சில தப்பியோடிக் குசினி அலுமாரிக்குப் பின்னால் இருந்து கத்தின. சில நாளில் துரை பச்சைக்குத் திரும்பியது. அது நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடித்த அன்று சிவகலா தனியே நின்று கைதட்டினாள். யாருக்கும் சமைக்காமல், யாரும் கூப்பிடாமல், கூட்டின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பாள். அதுவும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் ஜெரோசன் வீட்டுக்கு வந்து, பாடனில் வீடு வாங்குவதாகச் சொன்னான்.

"கீழ்த்தட்டில உங்களுக்கு ஒரு அறை அம்மா. குளியலறையும் தனிய. ஐப்பசியில வந்திடலாம்."

"நான் வாறன் எண்டு எப்ப சொன்னனான்?"

"வேறை என்னண்டு? போன மாரியில படியில சறுக்கி விழுந்தனீங்கள். ஒருத்தரும் இல்லை பக்கத்தில. தாயைத் தனிய விட்டிருக்கிறான் எண்டு சனம் என்னைத்தான் கதைக்குது." அவன் கூட்டைப் பார்த்தான். "ஆனா உதை அங்கை கொண்டுவரேலாது. ஜெனனிக்கு உந்தப் பூச்சியளைக் கண்டா அருவருப்பு."

ஜெனனி தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்தாள். அவளுக்கு அருவருப்பு என்று அவள் வாயால் சொல்லி சிவகலா கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் சிவகலா. மகன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

புரட்டாதியில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டு சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஜெனனியை வீட்டுக்குக் கூப்பிட்டு, எந்த விளக்கு எப்போது, எந்தப் பூச்சி எத்தனை என்று சொல்லிக் கொடுத்தாள். ஜெனனி ஒரு சில்வண்டை இடுக்கியால் பிடித்து உள்ளே விட்டாள். முகம் சுளிக்கவில்லை. வீட்டுக் கதவின் இரண்டாவது திறப்பு மகனிடம் இருந்தது.

வைத்தியசாலையில் இரண்டு நாள் என்றது, காய்ச்சல் வந்ததால் ஒரு கிழமையாக நீண்டது. "துரை எப்பிடி?" என்று கேட்டபோதெல்லாம் "நல்லா நிக்கிறார்" என்று ஜெரோசன் பதில் போட்டான். படம் ஒன்று அனுப்பச் சொன்னாள். வரவில்லை.

மகன் காரில் கூட்டிவந்து கதவைத் திறந்துவிட்டதும் அவள் நேரே யன்னலடிக்குப் போனாள். கூடு இல்லை, விளக்குகள் இல்லை. கம்பளம் தூசு உறிஞ்சித் துப்புரவாக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில், மடித்துச் சுவரில் சாய்த்தபடி, வீடு மாற்றும் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"எங்கை?"

"நல்ல இடத்தில குடுத்திட்டன் அம்மா. இன்ரநெற்றில போட்டு, விரும்பி வந்து எடுத்த பெடியன். கூட்டையும் குடுத்தாச்சு. நீங்கள் இருங்கோ, வயித்தில தையல் கிடக்கு."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"கேட்டா விட்டிருப்பீங்களோ? உது கண்ணுக்கு முன்னால நிண்டா நீங்கள் பாடனுக்கு வரமாட்டீங்கள். உங்கட நன்மைக்குத்தான்."

சிவகலாவுக்கு அழுகை வரவில்லை. காதுமடல் இரண்டும் கொதித்தன. முப்பது வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ பேர் அவளுக்குப் பதிலாக முடிவெடுத்திருக்கிறார்கள். அகதி விசாரணையில், வேலையில், கணவர் படுக்கையில் கிடந்தபோது வைத்தியசாலையில். அப்போதெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். தலையாட்டிய பழக்கத்தில் மகனும் வளர்ந்திருக்கிறான்.

"நீ போ," என்றாள். "நான் படுக்கப் போறன்."

அவன் போனதும் ஜெனனிக்குத் தொலைபேசி அடித்து, துரை எங்கே என்று கேட்டாள்.

"மாமி, எனக்கு விருப்பமே இல்லை. நான் சொன்னன், அவர் கேக்கேல்லை," என்றாள் ஜெனனி. "ஓர்லிகோனில ஒரு பெடியனிட்டை நிக்குது. விலாசம் என்னட்டை இருக்கு. அனுப்பிவிடுறன். ஆனா இந்த உடம்போட—"

"அனுப்பு பிள்ளை."

மறுநாள் காலை வயிற்றைச் சுற்றி ஒரு சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். சூரிச்சில் மாறி ஓர்லிகோனில் இறங்கும்போது தையல் சுள்ளென்று இழுத்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள். அழைப்பு மணியை அழுத்தியதும் தலைமயிரைக் கொண்டை போட்ட ஒரு சுவிஸ் இளைஞன் கதவைத் திறந்தான்.

"என்னுடைய பச்சோந்தி உங்களிடம் இருக்கிறது. எடுக்க வந்திருக்கிறேன்," என்றாள்.

"அது எனக்குத் தந்தது. உங்கள் மகன் தந்தார்."

"அது மகனுடையது இல்லை. அதைத் தர அவனுக்கு உரிமை கிடையாது."

"மன்னிக்கவும், அது உங்கள் குடும்பப் பிரச்சினை." அவன் கதவை மூடப் பார்த்தான். சிவகலா காலை உள்ளே வைத்தாள். அவளுக்கே அது அதிசயமாக இருந்தது. அந்நிய வீட்டுக் கதவில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"உன்னிடம் கன்ரோன் அனுமதி இருக்கிறதா?"

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

"என்னிடம் இருக்கிறது. என் பெயரில். இப்போது நான் உள்ளே வந்து அதைப் பார்க்கப் போகிறேன்."

அவன் ஒதுங்கினான். வரவேற்பறையில் வலைக்கூடு திறந்து கிடந்தது. துரை யன்னல் திரைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கரிக்கட்டை நிறம். பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் மூடியிருந்தது.

"சுதந்திரமாக இருக்கட்டும் என்று விட்டேன்," என்றான் இளைஞன். "நல்ல வெயில் படுகிற யன்னல்."

"கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் காணாது. அதற்கு அந்த விளக்குத்தான் வெயில். எங்கே விளக்கு?"

விளக்கு இன்னும் பைக்குள் இருந்தது. அவன் முகம் மாறியது. கெட்டவன் இல்லை, தெரியாதவன். அவளும் தெரியாதவளாகத்தான் தொடங்கினாள். ஆனாலும் விட்டுக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"எனக்கும் அதில் ஆசை," என்றான் அவன். "வைத்தியரிடம் நான் கொண்டுபோகிறேன். படிக்கிறேன். என்னிடமே இருக்கட்டும்."

"படி. படித்துவிட்டு வேறொன்று வாங்கு. இது என்னுடையது." அவள் அவனுடைய கதிரையில் உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை என்பது அவனுக்குத் தெரியத் தேவையில்லை. "இதைத் தராமல் நான் எழும்பமாட்டேன். பொலிசைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடு. வரும்வரை இருக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், கம்பியில் தொங்கிய துரையைப் பார்த்தான். பிறகு கதிரை ஒன்றில் ஏறினான்.

"கையால் இழுக்காதே," என்றாள் சிவகலா. "ஒரு குச்சியை முன்னால் நீட்டு. தானாக ஏறும்."

துரை வெகு நேரம் எடுத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, குச்சியில் ஏறியது.

துரையோடு கூட்டைத் துணியால் மூடி, விளக்குப் பையையும் எடுத்து, ரயில் நிலையம் வரை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். ரயிலில் ஏற்றிவிட்டு, "அது பிழைத்தால் ஒரு செய்தி அனுப்புவீர்களா?" என்று கேட்டான். "பிழைக்கும்," என்றாள் அவள். அவளுக்கு அது நிச்சயமில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

ரயிலிலிருந்து அவள் அழைத்திருந்ததால் எம்மன்புரூக்கேயில் வ்ரேனி காரோடு நின்றாள். இருவருமாக நேரே மிருக வைத்தியரிடம் போனார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லி வைத்தியர் ஊசி போட்டார். இரண்டு நாள் தாண்டினால் நம்பலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஜெரோசன் உள்ளே இருந்தான். ஜெனனி சொல்லிவிட்டிருக்கிறாள்.

"தையலோட ஓர்லிகோன் மட்டும் போனீங்களோ? ஒரு ஓணானுக்காகவோ? உங்களுக்கு விசரே அம்மா?"

சிவகலா விளக்கைக் கூட்டில் பூட்டி, இலைகளுக்குத் தண்ணீர் தூவினாள். அதன்பிறகுதான் திரும்பினாள்.

"ஜெரோ, நான் பாடனுக்கு வரேல்லை."

"கோபத்தில கதைக்காதேங்கோ."

"கோபம்தான். ஆனா கோபம் போனாலும் வரமாட்டன். நீ என்னைப் பாக்கோணும் எண்டு நினைக்கிறது நல்லது. ஆனா என்னைக் கேளாமல் என்ரை வீட்டுக்குள்ள வந்து, என்ரை சாமானை எடுத்துக் குடுத்தாய். நான் உயிரோட இருக்கேக்கையே செத்தவீட்டில மாதிரித் துப்புரவாக்கி வைச்சிருக்கிறாய்."

"ஐயோ, அப்பிடி இல்லை அம்மா—"

"அப்பிடித்தான். நான் படியில விழுந்தா விழுந்திட்டுப் போறன். எழும்புவன்."

"சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அம்மா மாட்டன் எண்டிட்டா எண்டு சொல்லு. பொய் இல்லையே." அவள் கையை நீட்டினாள். "திறப்பைத் தா."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் கை அப்படியே நின்றது. சின்ன வயதில் களவாக எடுத்த எதையும் திருப்பிக் கொடுக்கும்போது அவன் இப்படித்தான் உதட்டைக் கடிப்பான். வளையத்திலிருந்து திறப்பைக் கழற்ற அவன் நகம் இரண்டு தரம் வழுக்கியது. மேசையில் வைத்தான். அட்டைப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போனான்.

அவன் காலடி படியில் தேய்ந்து மறைந்ததும் அவள் கூட்டின் முன்னால் கதிரையில் இருந்தாள். பெற்ற பிள்ளையிடம் அவள் இதுவரை இப்படிப் பேசியதில்லை. சரியோ பிழையோ என்று யோசித்தாள். சரி என்றுதான் பட்டது. நோகாமல் இருக்கவில்லை.

துரை மூன்றாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தது. ஆறாம் நாள் சிவகலா இடுக்கியில் நீட்டிய புழுவைக் கண்டு, யோசித்து, நாக்கை வீசியது. குறி தப்பியது. மறுபடி வீசியது. அவள் ஓர்லிகோன் பெடியனுக்கு ஒரு படம் அனுப்பினாள். வகுப்பில் சேர்ந்துவிட்டதாக அவன் பதில் போட்டான்.

ஜெரோசன் ஐப்பசி முழுக்கப் பேசவில்லை. புது வீட்டுக் குடிபூரலுக்கு ஜெனனிதான் அழைத்தாள். சிவகலா பட்டுச்சேலை உடுத்துப் போனாள். கீழ்த்தட்டு அறையில் கட்டில் போட்டு, விரிப்பும் விரித்து வைத்திருந்தார்கள். பால் காய்ச்சி, பந்தி முடிந்து, சனம் கலையத் தொடங்கியபோது மகன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"மழை பெய்யுது," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "இண்டைக்கு ஒரு நாள் நிண்டிட்டுப் போகலாம்தானே."

"நிக்கேலாதடா. அவருக்குத் தண்ணி அடிக்கோணும்."

"ஓணானுக்கு."

"பச்சோந்திக்கு."

அவன் கார்த் திறப்பைத் தேடி எடுத்தான். நிலையம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவள் குடையை விரித்துப் பார்த்தாள். பத்து நிமிட நடைதான்.

"நான் நடந்து போறன்," என்று சொல்லி, மகன் கன்னத்தை ஒரு தரம் தட்டிவிட்டு, சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.