சாந்தா குரூஸில் ஏறிக்கொள்கிறேன்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஞாயிறு இணைப்பிதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. விமானச் சீட்டை ஏஜென்ட்டிடம் வாங்குவது நல்லதா, நேராக விமானக் கம்பெனியிடமே வாங்குவது நல்லதா? நாலு உபயோகமான குறிப்பு, கடைசியில் ஒரு தீர்ப்பு, பக்கத்தில் பெட்டியோடு சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். உட்கார்ந்து எழுதவும் செய்தேன்:

"ஏஜென்ட்டிடம் வாங்கினால் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் சிக்கல் வரும்போது

அங்கேயே பேனா நின்றுவிட்டது. யாருக்குச் சிக்கல்? பெயர் இல்லாத பயணிக்கு என்ன சிக்கல் வந்தால் எனக்கென்ன? எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், அடுப்பில் வைத்த தண்ணீரை மறந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தேன். காசில்தா ரோகபாதோ. பொலிவியாவில், எங்கள் கொச்சபாம்பா ஊரில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி விமானச் சீட்டுக் கடை வைத்திருப்பவள். அவள் வந்தாளோ இல்லையோ, கட்டுரை காலி. ஆசிரியருக்கு இன்னும் தெரியாது.

2.

தொடக்கங்கள்.

"கொச்சபாம்பாவில் அன்று நல்ல வெயில்" — வேண்டாம். இங்கே என்றைக்கு வெயில் இல்லை?

"காசில்தாவின் கடையில் கூட்டம் நிரம்பி வழிந்த காலம் ஒன்று" — ஐயையோ, இது வேண்டவே வேண்டாம். அந்தக் காலம் என்று ஆரம்பித்தால் அவளே வந்து என் காதைத் திருகுவாள். அவள் புலம்புகிற ஜாதி இல்லை, சீறுகிற ஜாதி.

"'போன்ல வாங்கினல்ல? போன்கிட்டயே கேளு' என்றாள் காசில்தா." — இது பிடித்திருக்கிறது. ஆனால் இது நடுவில் வர வேண்டிய வரி. அதற்கு முன்னால் யார், என்ன என்று சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், பொறுங்கள்.

ஃபிதேலியா, கான்ச்சா என்ற சந்தையில் உருளைக்கிழங்கும் சூன்யோவும் விற்பவள். (சூன்யோ என்றால் பனியில் உறையவைத்து மிதித்துக் காயவைத்த கிழங்கு. கறுப்பாகக் கூழாங்கல் போல இருக்கும்.) காசில்தா அவளிடம்தான் கிழங்கு வாங்குவாள். ஃபிதேலியா வீட்டில் யார் வெளியூர் போனாலும் சீட்டு காசில்தாவிடம்தான். ஒருத்தியை ஒருத்தி 'காசேரா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் சந்தையில் விற்கிறவளுக்கும் அதே பெயர், வாங்குகிறவளுக்கும் அதே பெயர். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஃபிதேலியாவின் மகள் மரிபெல் மாட்ரிட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது இல்லை. நாலு வயதுப் பெண் குழந்தை நய்ராவைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் நாதியில்லை. பாட்டி போய்ச் சேராவிட்டால் குழந்தை அரசாங்க விடுதிக்குப் போகும், அல்லது மரிபெல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவாள். ஏற்கெனவே தள்ளிப்போட்டவள்தான். இனியும் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இதுதான் விஷயம். ஃபிதேலியா புதன்கிழமை மாட்ரிட்டில் இறங்க வேண்டும். மற்றதெல்லாம் நான் சுற்றி வளைப்பது.

3.

சீட்டு வாங்கப் போனவன் ஃபிதேலியாவின் மகன் எட்சன். த்ரூஃபி ஓட்டுகிறவன், அதாவது தெருவில் கை காட்டினால் நிறுத்தி ஆள் ஏற்றும் வாடகை வேன். காசில்தா அவனை உட்காரவைத்துப் பாதி நாள் மெனக்கெட்டாள். பிற்பகலில் கொச்சபாம்பாவிலிருந்து சாந்தா குரூஸ், அங்கிருந்து இரவு மாட்ரிட், எல்லாம் ஒரே சீட்டு. காசு வாங்காமலே இடத்தைப் பிடித்து வைத்தாள். பணத்தோடு வருகிறேன் என்றான் எட்சன். போகும்போது கணினித் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். அன்று மாலையே அதே இடங்களைப் போன் வழியாகக் கம்பெனியிடம் நேரடியாக வாங்கிவிட்டான். காசில்தாவின் கூலி மிச்சம்.*

* முகத்தைத் திருப்பாதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள்.

காசில்தா சத்தம் போடவில்லை. சனிக்கிழமை கூடையை எடுத்துக்கொண்டு கான்ச்சாவுக்குப் போனாள். ஃபிதேலியாவின் கடைக்கு நேர் முன்னால் நின்று, பக்கத்துக் கடையில் கிழங்கு வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, நின்று நிதானமாக. ஃபிதேலியா தன் குவியலை அடுக்கியபடியே இருந்தாள்.

(இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. சின்னக் கதை, இரண்டு பெண்கள், ஒரு கூடை. ஆனால் எங்கள் நாட்டில் சாலை மறியல் என்று ஒன்று இருக்கிறதே.)

பயணத்துக்கு முந்தைய வாரம் ஃபிதேலியா தங்கையிடம் சொல்லிக்கொண்டு வர பஸ்ஸில் சாந்தா குரூஸ் போனாள். போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் கல்லும் டயரும். அம்மா பதறவும் எட்சன் போனில் சமாதானம் சொன்னான். எதற்குத் திரும்பி வரணும், ப்ளேன்தான் அங்கே வந்து போகிறதே, அங்கேயே ஏறிக்கொள் என்றான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். அவன் வண்டியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். எங்கள் பஸ்களும் அப்படித்தான். பாதிப் பேர் ஊருக்கு வெளியே சுங்கச்சாவடியில் மூட்டையோடு நின்று ஏறுவார்கள். காசு கொடுத்தாயிற்று, நம் இடம் காலியாக வருகிறது, நடுவில் ஏறினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் விமானக் கம்பெனியின் கணக்கு வேறு. பயணத்தின் முதல் துண்டில் நீங்கள் ஏறவில்லையென்றால் நீங்கள் வரவேயில்லை என்று எழுதிக்கொள்வார்கள். மிச்சத் துண்டுகளும் ரத்து. சாந்தா குரூஸில் இருக்கிற பெண்பிள்ளை கொச்சபாம்பாவுக்குப் பறந்து வந்து, மறுபடி சாந்தா குரூஸுக்குப் பறந்து போனால்தான் சீட்டு உயிரோடு இருக்கும். இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறதாம். மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன், எனக்கே எரிச்சல் வந்தது, அடித்துவிட்டேன்.

4.

செவ்வாய்க்கிழமை காலை, விமானம் புறப்படும் நாளில், ஃபிதேலியா ரோஷத்தை மென்று விழுங்கிவிட்டுக் காசில்தாவைப் போனில் கூப்பிட்டாள்.

"காசேரா, நான்தான். சாந்தா குரூஸ்ல இருக்கேன். ராத்திரி இங்கயே ப்ளேன் ஏறிக்கப் போறேன். சூன்யோ எத்தனை கிலோ விடுவாங்க?"

"போன்ல வாங்கினல்ல? போன்கிட்டயே கேளு."

வைத்துவிட்டாள்.

வேறெங்கோ வாங்கிவிட்டு ஓசியில் யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லோருக்கும் காசில்தா வைத்திருக்கும் பதில் அது. வாய் தானாகச் சொல்லும். சூன்யோ என்ற சொல்தான் அவள் காதில் ஏறியிருந்தது. அதற்கு முன்னால் வந்த வாக்கியம் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

இங்கேதான் எனக்குக் காசில்தா மேல் சந்தேகம். ஒரு வரைவில், உடனே நெஞ்சு பதறிப் போனை எடுக்கிறாள். நம்ப முடியவில்லை, இவள் தேவதையா என்ன? இன்னொரு வரைவில், எல்லாம் புரிந்தும் நன்றாக வேண்டும் என்று சும்மா இருக்கிறாள். அதை எழுதிவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. அப்படிச் செய்திருக்கவும் கூடும். இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன். அவள் சால்தேன்யா என்ற குழம்பு அடைத்த பலகாரம் ஒன்று வாங்கி வந்து, ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் சூடான குழம்பை உறிஞ்சத் தொடங்கினாள். பாதி உறிஞ்சலில் புரிந்தது. சாந்தா குரூஸ். அங்கேயே. ஏறிக்கப் போறேன். குழம்பு சட்டையில் வழிந்தது.

ஃபிதேலியாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இவள் மறுபடி கூப்பிட்டாள், அவள் துண்டித்துவிட்டாள். எட்சனைக் கூப்பிட்டாள். அன்று திரையைப் படமெடுத்த திருட்டுக்குத்தான் திட்டப்போகிறாள் என்று அவனும் துண்டித்தான். குரல் செய்தி அனுப்பினாள், இருவரும் கேட்கவில்லை. கம்பெனியைக் கூப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவள் விற்ற சீட்டாக இருந்தால் நாற்காலியை விட்டு எழாமலே சரி செய்திருப்பாள். நேரடியாக வாங்கிய சீட்டைப் பற்றி அவளோடு யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். (ஆசிரியரே, உங்கள் கட்டுரையின் முதல் குறிப்பு இதோ. இரண்டாவதையும் சொல்லிவிடுகிறேன்: இதுவே ஞாயிற்றுக்கிழமையாக இருந்து அவளிடம் வாங்கியிருந்தால், எட்சன் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்று கத்திக்கொண்டிருப்பான். தீர்ப்பை என்னிடம் கேட்காதீர்கள்.)

ஷட்டரை இழுத்து விட்டாள். எட்சனின் வண்டி எந்தத் தெரு வழியாகப் போகும் என்று ஊருக்கே தெரியும். போய் முனையில் நின்றாள்.

5.

பிற்பகலாகும்போதுதான் வண்டி வந்தது. கையைக் காட்டினாள். எட்சன் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகத்தான் நினைத்தான், முன்னால் ஒரு லாரி நின்றது. காசில்தா கதவைத் திறந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சீட்டு விஷயம், தோன்யா காசில்தா, என்று அவன் மரியாதை அடைமொழியோடு இழுத்தான்.

"அது கிடக்கட்டும். வண்டிய ஓரங்கட்டு. உங்கம்மா சாந்தா குரூஸ்ல ஏற முடியாது. இங்கேருந்து ப்ளேன் கிளம்புறதுக்குள்ள கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லலைன்னா ராத்திரி கவுண்டர்ல வெறுங்கையோட நிப்பாங்க."

எட்சன் உடனே ஓரங்கட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பிறகு சங்கீதம். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பரீட்சைக்கு நேரமாகிறது என்றாள் ஒரு மாணவி. என்ன விஷயம் என்று காசில்தா திரும்பிச் சொன்னாள். மரிபெல், கட்டி, குழந்தை, எல்லாம். யாரும் இறங்கிப் போகவில்லை. அந்த மாணவி மட்டும் தயங்கித் தயங்கி இறங்கினாள், இறங்கியவள் ஜன்னலோரமே நின்றாள்.

சங்கீதம் நின்றது. ஒரு பெண் குரல். (குரலை முரட்டுத்தனமாக எழுத ஆசைப்பட்டேன். ஆனால் அது கனிவாகத்தான் பேசியது.) மறியல் காலம் என்பதால் முதல் துண்டைக் கட்டணமில்லாமல் நீக்கித் தருகிறேன், மாட்ரிட் இடம் பத்திரமாக இருக்கும் என்றது. ஒன்றே ஒன்று. பயணியே தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். கொச்சபாம்பா விமானத்தின் கதவு மூட இன்னும் சில நிமிடம்தான், அவரையும் இணைப்பில் சேருங்கள்.

எட்சன் சேர்த்தான். மகன் கூப்பிட்டதால் ஃபிதேலியா எடுத்தாள். மொத்த வண்டியும் காதைத் தீட்டிக்கொண்டது.

கொச்சபாம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரைக்குமான உங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்டது குரல்.

"விட்டுக்குடுத்தா என்ன குடுப்பீங்க?" என்றாள் ஃபிதேலியா.

எதுவும் கிடையாது என்றது குரல். கொசுறாகக்கூடவா ஒன்றும் இல்லை என்று கேட்டாள். பின் இருக்கையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எட்சன் கெஞ்சினான். சரி என்று மட்டும் சொல்லும்மா, இல்லையென்றால் மொத்தச் சீட்டும் போய்விடும் என்றான். நேற்று ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கேயே ஏறிக்கொள் என்றவன் இன்றைக்கு இப்படிச் சொல்கிறாயே, எந்த எட்சனை நம்பச் சொல்கிறாய் என்றாள் அவள். காசு கொடுத்து வாங்கிய இடத்தில் ஒரு பங்கை வாயால் விட்டுவிட்டு, ராத்திரி கவுண்டரில் போய் நின்றால், நீதானே ரத்து செய்தாய் என்று சொல்ல மாட்டார்களா?

காசில்தா போனைப் பிடுங்கினாள். "காசேரா, நான் காசில்தா. சரின்னு சொல்லிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

ஃபிதேலியா நிதானமாகக் கேட்டாள்.

"பக்கத்துக் கடைக் கிழங்கு நல்லா வெந்துச்சா?"

6.

முடிவுகள்.

அ) ஃபிதேலியா சரி என்கிறாள். வண்டியில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எழுதினேன். கைதட்டல் மட்டும் கேட்டது, அவள் குரல் கேட்கவில்லை.)

ஆ) இணைப்பு அறுந்துவிடுகிறது. (கோழைத்தனம். என் கையாலாகாத்தனத்துக்குத் தொலைபேசிக் கம்பியைப் பழி சொல்லக் கூடாது.)

இ) காசில்தா மன்னிப்புக் கேட்கிறாள், அவள் அழுகிறாள், ஃபிதேலியா அழுகிறாள், அதற்குள் கதவு

இல்லை. எதுவும் இல்லை.

நான் எவ்வளவு முட்டியும் ஃபிதேலியா அசைய மறுக்கிறாள். எப்படி அசைவாள்? சொல்கிறவர்களைப் பாருங்கள். மகன் தப்பாகச் சொன்னவன். காசில்தா கேட்டபோது சொல்லாதவள். கம்பெனிக்காரி முகம் தெரியாதவள், அவளுக்குக் கம்பெனி முக்கியம். நானோ கதையை முடித்துக் கூலி வாங்க அலைகிறவன். சந்தையில் உட்கார்ந்து ஆளை எடைபோட்டே வயதானவள் அவள். எங்கள் நாலு பேரில் ஒருத்தர் பேச்சையும் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

குரல் இன்னும் வைக்கவில்லை. கடைசியாக ஒருமுறை கேட்கிறது. மாட்ரிட்டில் நய்ரா தன் துணிப்பையை அடுக்கிவிட்டாளாம். பாட்டி நம் வீட்டுக்கு வருகிறாள் என்றால் எதற்குப் பையை அடுக்க வேண்டும் என்று மரிபெல் கேட்டதற்கு, வராவிட்டால் என்றாளாம்.

நீங்கள் இதில் எதையும் விற்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஃபிதேலியா உங்களை அறிய மாட்டாள், உங்களுக்கு அவளிடம் காலணா ஆதாயம் கிடையாது. வண்டியில் எல்லோரும் நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். காசில்தா போனை உங்கள் பக்கம் நீட்டிவிட்டாள்.

சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.